நார்சா நோட்டு

அக்டோபர் 11, செவ்வாய்

இன்று பேரவைக்காரர்கள் கொடுத்த தேநீரைக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஏழு மாதமாக என் வீட்டுக்காரர் மீரான் மச்சானை டயாலிசிஸுக்காக ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு அலைந்தேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், இரண்டேகால் மணி நேரம். போய் இறங்கினால் மிஷின் ஓடவில்லை என்பார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வரவில்லை, அதுவும் இல்லாவிட்டால் டெக்னீசியன் லீவு. போன மாதம் திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தார். கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. பேரவை வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வீறாப்பு அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாண்டிலேயே போயிற்று.

எங்கள் மரைக்கான்துறையில் பழைய ஐஸ் பேக்டரி இருந்த இடத்தில்தான் நல்வழிப் பேரவை கிளினிக் கட்டியிருக்கிறது. மூன்று டயாலிசிஸ் நாற்காலி, ஏசி, துடைத்து வைத்த தரை. வாசலில் பேரவைக் கட்சிக் கொடி. உள்ளே நுழைந்ததும் பெரிய எழுத்தில் குர்ஆன் வசனம், அதற்குக் கீழே நிர்வாகி ஹாரிஸின் சிரித்த முகம். அடுத்த வார்டு தேர்தலில் நிற்கப்போகிறவர்.

ஷிஃபானா என்று ஒரு நர்ஸ் பெண். இருபத்தாறு வயது இருக்கலாம். ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிட்டாள். ஜில்லா ஆஸ்பத்திரியில் மூன்று தடவை குத்துவார்கள், கை கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விடும். மச்சான் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

"பேரு சொல்லுங்க மாமி."

"ஜெய்லானி பீவி."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "இறைநேசர் முகைதீன் ஆண்டவர் பேருதான்" என்றேன்.

"ஆண்டவன்னு அல்லாஹ்வ மட்டும்தான் மாமி சொல்லணும்" என்றாள், சிரித்துக்கொண்டே. நான் வந்து உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகவில்லை.

செவ்வாய், வெள்ளி, காலை ஏழு மணி. சீட்டில் சிவப்பு மையில் "தற்காலிகம்" என்று போட்டிருக்கிறது. எடையும் தண்ணீர் அளவும் தினம் எழுதி வைக்கச் சொல்லி இந்த டைரியையும் அவர்களே கொடுத்தார்கள். அட்டையில் அவர்கள் கொடி. எழுத ஆரம்பித்தால் எனக்கு எடையோடு நிற்காது.

எடை: முன்பு 61.4, பின்பு 58.9.

அக்டோபர் 14, வெள்ளி

மச்சான் டயாலிசிஸ் முடிந்து ஜும்ஆ தொழுகைக்குத் தன் காலால் நடந்து போனார். தட்டில் பிஸ்கட் வைத்தார்கள். நான் தொடவில்லை.

அக்டோபர் 18, செவ்வாய்

பிஸ்கட் சாப்பிட்டேன்.

ஹாரிஸ் ஒரு படிவத்தோடு வந்து மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு. ஊரில் ஆம்பிளைகள் என்னை அக்கா முறையில் லாத்தா என்பார்கள். இவர் "சகோதரி" என்கிறார். மேடையில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

"சும்மா ஒரு குடும்ப விவரம் சகோதரி. எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்."

வீட்டில் எத்தனை பேர், கக்கூஸ் இருக்கிறதா, பிள்ளைகள் எங்கே. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கு "அல்லாஹ் போதுமானவன்" என்று எழுதிக்கொண்டார். பிறகு ஐந்து வேளைத் தொழுகை. பிறகு, தர்காவுக்குப் போவதுண்டா, வீட்டில் மவ்லிது ஓதுவதுண்டா. பேரவைக்காரர்களுக்கு இரண்டும் ஆகாது.

மச்சான் மனுஷன் வெள்ளந்தி. "விசேஷத்துக்குப் போவேன். என் வீட்டுக்காரிதான் மூணு தெருவுக்கும் பொம்பளைங்க மவ்லிது ஓதிக் கொடுக்குறவ" என்று பெருமையாகச் சொன்னார். நான் காலை மிதித்தேன், டியூப் இல்லாத பக்கத்துக் காலை. அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"மாஷா அல்லாஹ், நல்ல குரல்வளம் இருக்கும்போல" என்றார் ஹாரிஸ். எதிலோ டிக் அடித்தார். எதில் என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

கிட்னிக்கும் மவ்லிதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மச்சானின் கையில் ஊசி இருந்தது.

அக்டோபர் 20, வியாழன்

மவ்லிதுக்கு நாள் நெருங்குகிறது. நார்சா நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன்.

எங்கள் தெருக்களில் ரபியுல் ஆகிர் மாதம் முதல் பதினோரு நாள், நாளுக்கு ஒரு வீட்டில் முகைதீன் மவ்லிது, அவர் புகழ் பாட்டு. ஓதி முடித்ததும் அந்த வீட்டில் ஆக்கிய சோற்றைச் சீனி வைத்துப் பொட்டலம் கட்டி வீடுவீடாக அனுப்புவோம், அதுதான் நார்சா. யார் வீட்டுக்கு எத்தனை பொட்டலம், எந்த நாள் எந்த வீட்டு முறை, எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. நாற்பத்தொரு வீடு. வாசல் எண்ணோடு, தெரு வரிசையோடு.

எழுதியிருப்பது அரபுத்தமிழில். அரபு எழுத்தில் தமிழ். உம்மாவிடம் கற்றேன், எனக்கு அதில்தான் கை வேகமாக ஓடும். புள்ளியும் குறியும் பாதி போடாமல் கிறுக்கி வைத்திருப்பதால் குர்ஆன் சரளமாக ஓதுகிறவர்களுக்குக்கூட இது பிடிபடாது. இந்த ஊரில் இதைப் படிக்க என்னை விட்டால் ஆள் இல்லை. இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் கட்டும் ஹபீபாவுக்கே ஒரு வரி தெரியாது. "என்னடி எறும்பு ஊர விட்டிருக்கே" என்பாள்.

ஹபீபா என் சிநேகிதி. எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி. புருஷன் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. கைப்பிள்ளையாக இருந்த ஒரே மகள் தஸ்லீமா இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், பேரவை உதவியில். வருஷத்துக்கு ஒருமுறை பேரவை ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், அது போனால்தான் காலேஜில் அடுத்த வருஷம். அதனால் ஹபீபா முன்னால் அவர்களை நான் திட்ட முடியாது.

"அவங்க நல்லவங்கடி. இந்த ஊர்ப் பணக்காரன் எவனாச்சும் எம் புள்ளையத் திரும்பிப் பாத்தானா?"

பார்க்கவில்லைதான். அது உண்மை. உண்மையாக இருப்பதால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஹபீபா வீட்டு வரியில் மட்டும் ஒரு குறிப்பு உண்டு. இரண்டு பொட்டலம், அதில் ஒன்று சீனி இல்லாமல். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. மகளுக்குக்கூடத் தெரியாது. மகள் கவலைப்பட்டுப் படிப்பை விட்டுவிடுவாள் என்று பயம். அது எனக்கு மட்டும் தெரியும், என் நோட்டுக்கும்.

அக்டோபர் 28, வெள்ளி

எடை: 60.9, 58.8. நேற்று பிறை தெரிந்தது. முதல் நாள் மவ்லிது இன்று சாயங்காலம். போன வருஷம் இருபத்தாறு பெண்கள் இருந்தோம். இன்று பதினொன்று. வராதவர்கள் யாரும் வம்பு பேசவில்லை, ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்கு விருந்தாளி. எல்லார் வீட்டிலும் பேரவை அரிசி வேகிறது.

நவம்பர் 1, செவ்வாய்

"தற்காலிகம் பதினொண்ணாந்தேதி முடியுது சகோதரி" என்றார் ஹாரிஸ். வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களைக் கையால் காட்டினார். ஒன்பது பேர். "நிரந்தரம் கொடுக்குறது கமிட்டி முடிவு. எனக்கு ஒங்க மேல மரியாதை உண்டு. கமிட்டியில கேப்பாங்கள்ல, இந்தக் குடும்பம் நம்ம பக்கமான்னு."

"நோவு எந்தப் பக்கம்னு பாத்தா வருது?" என்றேன்.

சிரித்தார். ஒருநாளும் கோபப்பட மாட்டார் இந்த மனுஷன். சிரிப்பு மாறாமலே, "அதத்தான் நானும் கமிட்டிக்குச் சொல்றேன்" என்றார்.

இவர்கள் யாரையும் மிரட்டுவதில்லை. அதட்டுவதில்லை. அரசாங்கம் ஒரு மிஷினை ஒழுங்காக ஓட்டியிருந்தால், ஊர் ஜமாஅத் பெரிய மனிதர்கள் தங்கள் மாடி வீட்டைக் கட்டிய வேகத்தில் ஒரு கிளினிக் கட்டியிருந்தால், இந்த ஆள் முன்னால் நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன்? யாரும் செய்யாத இடமாகப் பார்த்து வந்து செய்கிறார்கள். செய்துவிட்டு, அந்த இடத்திலிருந்து நம் வீட்டுக்குள் மெல்ல நடந்து வருகிறார்கள், அடுப்படி வரைக்கும்.

மச்சான் வீட்டுக்கு வந்து, "பதினொண்ணுக்கு அப்புறம் பஸ்ஸுதான் போல" என்றார். சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். அதை ஏன் வைத்திருக்கிறார்?

நவம்பர் 3, வியாழன்

நேற்றிலிருந்து விடாத மழை. கீழத்தெருவில் முழங்கால் தண்ணீர். கவுன்சிலர் போனை எடுக்கவில்லை. பேரவை வாலிபர்கள் டிராக்டரில் சோறு கொண்டு வந்தார்கள். தண்ணீரில் இறங்கி வயசானவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஷிஃபானா நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். துண்டு கொடுத்தேன்.

"மாமி, பாதி வீடு விட்டுப்போச்சு. யார் வீட்ல எத்தன பேருன்னு எங்களுக்குத் தெரியல. ஒங்ககிட்ட ஒரு நோட்டு இருக்காமே, வாசல் நம்பரோட?"

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லோரும் சொல்கிறார்கள் என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பினேன்.

நவம்பர் 4, வெள்ளி

நல்ல செய்தி. மச்சானுக்கு நிரந்தர நாற்காலி. சிவப்பு மையை அடித்துப் பச்சை மையில் எழுதி ஹாரிஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மச்சான் சீட்டை இரண்டு தடவை படித்தார். அந்தப் பழைய பஸ் டிக்கெட்டைக் கிளினிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

எடை: 61.0, 58.7. பாகற்காய் வாங்கினேன். மழைக்கு அம்மி நகர்ந்து போய்க் கிடக்கிறது, தூக்க ஆள் வேண்டும்.

மச்சான் நாற்காலியில் இருந்த நேரத்தில் ஷிஃபானா நார்சா நோட்டைப் படம் எடுத்துக்கொண்டாள். நிவாரணத்துக்குத்தானே, மச்சானிடமும் சொன்னேன். அவ்வளவுதான் விஷயம்.

நவம்பர் 5, சனி

நாற்பத்தொரு வீட்டுக்கும் பெட்டி வந்துவிட்டது. அரிசி, பருப்பு, கொசுவத்தி, பெட்டி மேல் ஹாரிஸ் படம். என் நோட்டில் இருக்கிற அதே வரிசையில் வந்தார்கள், ஒரு வீடு முன்பின் ஆகவில்லை. வேறு வீடுகளுக்குப் போனார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. தண்ணீரில் யார் நடப்பது?

நவம்பர் 7, திங்கள்

பதினோராம் நாள். இந்த வருஷம் ஹபீபா வீட்டு முறை. நான் போகவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது.

ஹபீபா கஷாயம் கொண்டு வந்து கொடுத்தாள். "நீ இல்லாம எப்படிடி ஓதுறது? எனக்கு ராகம் ஏறாது."

"தெரிஞ்சத ஓது" என்று சைகையில் சொன்னேன்.

நாலு பேர்தான் போனார்களாம். கதவைச் சாத்திக்கொண்டு ஓதினார்கள். அவள் குரல் பிசிறடித்தது இங்கே வரைக்கும் கேட்டது. மூன்றாவது பாட்டில் அடி விட்டுவிட்டாள். நான் இங்கே அடுப்படியில் நின்று அந்த அடியைச் சொன்னேன், வாய்க்குள்.

மத்தியானம் மீன்காரி பழைய சங்கராவை ஏமாற்றி விற்கப் பார்த்தாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். தொண்டை சாயங்காலம்தான் கட்டியது.

நவம்பர் 8, செவ்வாய்

எடை: 60.5, 58.7. ஷிஃபானா "தொண்டை எப்படி இருக்கு மாமி" என்று கேட்டாள். நான் அவளிடம் தொண்டையைப் பற்றிச் சொல்லவே இல்லை.

நவம்பர் 13, ஞாயிறு

துணி காயவில்லை. வேறு விசேஷம் இல்லை.

நவம்பர் 16, புதன்

ஹபீபா வந்தாள். உட்காரவில்லை.

"தஸ்லீமாவுக்குக் கடிதம் தரலடி. கமிட்டி பாக்குதாம். ஒங்க வீட்ல மார்க்கத்துக்கு முரணான காரியம் நடக்குதுன்னு தகவல் வந்திருக்குன்னாங்க. ஞாயித்துக்கிழமை பெண்கள் கூட்டத்துக்கு வந்து, இனி செய்ய மாட்டேன்னு நாலு வார்த்தை சொல்லிட்டா திங்கக்கிழமை கடிதம் தர்றாங்களாம்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"கதவு சாத்தியிருந்துச்சு. நாலே பேரு. எப்படி தெரிஞ்சுச்சு?"

"ஊதுபத்தி வாசம் தெருமுனை வரைக்கும் வருது. அவங்களுக்கு மூக்கு இல்லையா?"

"பதினொண்ணாம் நாள் நம்ம வீட்டு முறைன்னு தேதியோட சொன்னாங்கடி."

"யாராச்சும் சொல்லியிருப்பாங்க. இந்த ஊர்ல வாயா இல்ல?"

அவள் குனிந்து வெங்காயத் தோலை ஒதுக்கினாள். "நல்ல வேளை, அன்னைக்கு ஒனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது.

பேரவைக்காரர்களை அவளுக்கு முன்னால் வாய் வலிக்கிற வரைக்கும் திட்டினேன். பெற்ற பிள்ளையின் படிப்பைக் காட்டி ஒரு விதவையை மேடையில் நிறுத்துகிற ஜென்மங்கள். என்ன மார்க்கம் இது? ஒருவன் பசியைத் தீர்த்துவிட்டு அவன் நாக்கைக் கேட்பது எந்தக் கிதாபில் இருக்கிறது? எல்லாம் சொன்னேன். ஹபீபா நான் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

நவம்பர் 20, ஞாயிறு

கூட்டம் கல்யாண மண்டபத்தில். அறுபது பெண்கள் இருப்பார்கள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். டயாலிசிஸ் குடும்பங்களுக்கு முன்வரிசை என்றார்கள்.

ஹபீபா எழுந்தாள். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஷிஃபானா போய்ச் சரிசெய்து கொடுத்தாள்.

"நான் தெரியாம செஞ்சுட்டேன். இனிமே எங்க வீட்ல மவ்லிது ஓத மாட்டேன். அல்லா மன்னிக்கணும்."

பின்வரிசையில் யாரோ அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் ஷிஃபானா அவள் தோளில் கை போட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அதுதான் கொடுமை.

"ஹபீபா மாமிக்கு ஒரு சந்தோஷமான விஷயம். ஒங்களுக்குச் சர்க்கரை இருக்கறது எங்களுக்குத் தெரியும் மாமி. நார்சாகூட ஒங்களுக்குச் சீனி இல்லாமதான் வருமாம். இனிமே நம்ம கிளினிக்ல மாத்திரை, டெஸ்ட், எல்லாமே இலவசம். யார்கிட்டயும் மறைக்க வேண்டாம்."

கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து தஸ்லீமா எழுந்து நின்றாள். "உம்மா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

ஹபீபா மகளைப் பார்க்கவில்லை. ஷிஃபானாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறிக்கு நேரே முன்வரிசையில் இருந்தேன், அதனால் கண்ணில் பட்டிருப்பேன்.

பிரியாணி போட்டார்கள். மச்சானுக்கு உப்பு ஆகாது, பொட்டலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 21, திங்கள்

தஸ்லீமாவுக்குக் கடிதம் கிடைத்துவிட்டது. பார்த்தாயா, நல்லபடியாகத்தான் முடிந்தது. மச்சானிடம் சொன்னேன். அவர் தன் பங்குத் தண்ணீரை டம்ளரில் அளந்து ஊற்றிக்கொண்டார்.

நவம்பர் 22, செவ்வாய்

எடை: 60.7, 58.6.

ஷிஃபானா ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தியபடியே கேட்டாள். "மாமி, வியாழக்கிழமை வீடுகள்ல இறந்தவங்களுக்கு ஃபாத்திஹா ஓதுற பட்டியல் இன்னொரு பக்கத்துல இருக்குன்னு சொன்னீங்களே. அதையும் முடிச்சிரலாமா? யாருக்கு மருத்துவ உதவி வேணும்னு அதுலயும் தெரியும்ல."

மச்சான் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"கண்ணாடி கொண்டு வரல" என்றேன்.

"பரவாயில்ல மாமி. வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க."

வீட்டுக்கு வரும் வழியில் மச்சான் கேட்டார்: "படம் எடுக்க ஒனக்கு எதுக்கு ஜெய்லா கண்ணாடி?"

வெயில் ஏறுகிறது, சீக்கிரம் நடங்க என்றேன்.

நவம்பர் 24, வியாழன்

அசர் தொழுதுவிட்டுக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஹபீபா வந்தாள். கூட்டத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். முந்தானைக்குள் ஒரு பொட்டலம், இன்னும் சூடாக.

வியாழக்கிழமை தோறும் அவள் புருஷனுக்கு ஃபாத்திஹா ஓதி நெய்ச்சோறு ஆக்குவாள். முதல் இரண்டு பொட்டலம் எங்கள் வீட்டுக்கு, மச்சானுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மேடையில் அத்தனையும் சொல்லிவிட்டு வந்தவள், இன்றும் ஓதியிருக்கிறாள்.

"மீரான் காக்காவுக்கு. உப்புப் போடல."

வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையை எடுக்காமல் மற்றக் கையையும் நீட்டினேன், பழக்கதோஷம்.

"ஒண்ணுதான்" என்றாள்.

"ஹபீபா."

"அந்த எறும்பு எழுத்த இந்த ஊர்ல ஒன்னத் தவிர யாருக்குமே படிக்கத் தெரியாதேடி."

கேள்வியாகக் கேட்கவில்லை. நான் துணியை மடித்தேன். மடித்ததை உதறி மறுபடி மடித்தேன்.

"இன்னைக்கும் ஓதினேன். கதவு சாத்திட்டுதான். இதையும் போய்ச் சொல்லிரு. காக்காவுக்கு நாற்காலி வேணும்ல." குரலை உயர்த்தவே இல்லை. "எம் மக நாலு நாளா எங்கூடப் பேசல. ஏன் மறைச்சேன்னு கேக்குறா. நான் யார்கிட்ட மறைச்சேன், யார்கிட்ட மறைக்கல, அதச் சொன்னா அவளுக்குப் புரியுமா?"

போய்விட்டாள். செருப்பை மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தலை சுற்றல் வரும், சர்க்கரை இறங்கும்போது. எப்போதும் நான்தான் கையைக் கொடுப்பேன்.

நாலாம் தேதி நான் எழுதியது பொய். இது என் டைரி, இதில் எனக்கு என்ன பயம் என்று தெரியவில்லை, இருந்தும் பொய் எழுதினேன். ஷிஃபானா படம் எடுக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தாள், ஒரு எழுத்துப் புரியவில்லை. "வாசிச்சுக் காட்டுறீங்களா மாமி" என்று கேட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். நாற்பத்தொரு வீட்டையும் ஒவ்வொன்றாக வாசித்தேன், அவள் போனில் அடித்துக்கொண்டாள். பொட்டலக் கணக்கில் நிறுத்தியிருக்கலாம். "இது என்ன மாமி தேதி?" என்றாள், எந்த நாள் எந்த வீட்டு முறை என்று சொன்னேன். ஃபாத்திஹா பட்டியல் வேறு இருக்கிறது என்றும் நானாகத்தான் சொன்னேன். ஹபீபா வீடு வந்தது. இரண்டு பொட்டலம் என்றேன். அவள் அடித்து முடித்துவிட்டாள், அடுத்த வீட்டுக்குப் போகக் காத்திருந்தாள். அப்போது, யாரும் கேட்காமல், "அதுல ஒண்ணு சீனி இல்லாம" என்றேன்.

ஏன் சொன்னேன்? எவ்வளவு சரியாக வைத்திருக்கிறேன் பார் என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குக் காட்டவா? ஒன்றையும் மறைக்காதவள் என்று கமிட்டிக்குத் தெரிய வேண்டும் என்றா? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மச்சான் நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். அவர் நிறம் திரும்பியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பேரவைக்காரர்களை இத்தனை பக்கம் திட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தையும் வாபஸ் இல்லை. அவர்கள் என்னிடம் கேட்டது வீட்டு எண்ணும் தலைக்கணக்கும்தான்.

மச்சான் பொட்டலத்தைப் பிரித்தார். நெய் வாசம் வீடெல்லாம் வந்தது.

"ஒனக்கு எங்க?"

"நான் அப்பவே தின்னுட்டேன்."

அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாதியை ஒதுக்கி என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பாதியையும் அவரே சாப்பிட்டார், மெதுவாக, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "உப்பில்லன்னாலும் நல்லா இருக்கு" என்றார். 

எடை 60.2. தண்ணீர் அரை லிட்டர். நாளை வெள்ளி, ஏழு மணிக்கு நாற்காலி. சீட்டு, டைரி, துண்டு, பையில் வைத்தாயிற்று. மூக்குக்கண்ணாடியையும் வைத்தேன். பிறகு எடுத்து அலமாரியில் வைத்தேன். மச்சான் உள்ளே இருமினார். மறுபடி பையில் வைத்திருக்கிறேன்.